எங்கள் கடையில் அம்மா வாங்கிய பருப்பு

மரக்காணம் கடைத்தெருவில் என் அப்பாவுக்கு, நாங்கள் கூப்பிடுவதுபோலச் சொன்னால் அத்தாவுக்கு, மளிகைக்கடை இருந்தது. பருப்பைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, சணல் சுற்றித் தருவார். எண்ணெய்க்கு வாங்குபவர்களே பாட்டில் கொண்டுவருவார்கள். நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் பாண்டிச்சேரியிலிருந்து பச்சை நிறக் கேரி பேக்குகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. கையை வீசிக்கொண்டு வந்தவர்கள் பையோடு திரும்பினார்கள். அத்தாவுக்குப் பெருமை. எனக்கு அதைவிடப் பெருமை. புத்தகங்களையே அதில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் சினை ஆடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டது. வயிறு உப்பி, மூன்றாம் நாள் செத்தது. என்ன நோயென்று தெரிந்தே ஆகவேண்டும் என்று அம்மா மாட்டு டாக்டரை வரவழைத்து அறுக்கச் சொன்னாள். அவர் உள்ளேயிருந்து கயிறுபோல முறுக்கிக் கிடந்த ஒன்றை இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. எல்லாம் பச்சை. இரண்டு குட்டிகளும் இருந்தன.

"மேயற எடத்துல தின்னிருக்கும். அதுக்கு நான் என்னா பண்றது?" என்றார் அத்தா.

மறுநாள் காலை அம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தூக்குச்சட்டியும் துணிப்பையுமாக என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்குப் போகிற வழக்கமே இல்லை. அம்மா எங்கள் கடைக்கே போய், வாங்க வந்த மற்றவர்களோடு நின்றாள்.

"அரைக் கிலோ துவரம்பருப்பு. இந்தத் துணிப்பையில போடுங்க."

அத்தாவின் முகம் சிவந்தது. "வீட்டுக்கு நான் எடுத்தாற மாட்டேனா? இங்க எதுக்கு வந்தே?"

"நீங்க அந்தப் பச்சைப் பையிலதானே எடுத்தாருவீங்க?"

யாரோ சிரித்தார்கள். வெட்கத்தில் நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தினமும் போனாள். ஐந்தாம் நாள், அனுமந்தையிலிருந்து மீன் விற்க வரும் அக்கா தன் கூடையை நீட்டி, "எனக்கும் இதுலயே போடு பாய்" என்றார். ஒரு வாரம் கழித்து அத்தா முணுமுணுத்துக்கொண்டே கொக்கியில் தொங்கிய பைகளைக் கழற்றினார். சில வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போனவர்கள்தான், திரும்பவே இல்லை. அதற்கும் அம்மா அசையவில்லை.

பைகளைக் கழற்றிய அன்று உப்பள வரப்பு வழியாக வீடு திரும்பும்போது கேட்டேன்: "நம்ம ஆடுதான் செத்துப்போச்சே. இன்னும் எதுக்கும்மா இதெல்லாம்?"

அம்மா நின்று, தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைக் கைகாட்டினாள். நானும் வெகுநேரம் உற்றுப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை.