நசீரா போட்ட வோட்

இன்று கல்முனைக்குடியில் எங்கட தையல் வகுப்பின் சான்றிதழ் விழா. நிகழ்ச்சி நிரலின் கடைசியில் 'வோட் ஒஃப் தேங்ஸ்: நசீரா' என்று போட்டிருந்தேன்.

நசீரா வெளிறிய முகத்தோடு வந்து நின்றாள்.

"டீச்சர், எல்லாருக்கும் முன்னால வோட் போட எனக்கு ஏலா. மாப்பிள ஒரு கட்சி, காக்கா இன்னொரு கட்சி. தேர்தலுக்குப் பிறகு ரெண்டு பேரும் கதைக்கிறல்ல. ரெண்டு பேரும் இஞ்சதான் வந்திரிக்காங்க."

கணவனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பயம். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "இது அந்த வோட் இல்ல புள்ள. நன்றி சொல்றதுக்கும் இங்கிலீஷ்ல அந்தச் சொல்லுத்தான்."

"அப்ப இதுல ஒருத்தரும் தோக்க மாட்டாங்களா?"

"இல்ல."

மேடையேறினாள். வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னாள். பிறகு, "நாள் தவறாம மோட்டார் சைக்கிள்ல கொண்டு வந்து விட்ட மாப்பிளக்கும், மெசின் வாங்கித் தந்த காக்காக்கும் ஜஸாகல்லாஹ்" என்றாள்.

இருவரும் கைதட்டினார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல்தான்.

வாசலில் காக்காவின் குரல் கேட்டது: "மச்சான், தேத்தண்ணி குடிச்சயா?"

"இன்னும் இல்ல."

நிகழ்ச்சி நிரலில் வழக்கமாக எழுதுகிற ஒரு சொல். அது இவ்வளவு வேலை பார்க்கும் என்று நான் நினைக்கவில்லை.

உங்கட வீட்டில் இன்னும் போடாத வோட் யாருக்கு இருக்கு?