குதிரையின் முழங்காலும் நான் கொழும்பில் நின்ற காரணமும்

குதிரைக்கு மருந்து விற்கிற தொழிலில் ஒரு பெரிய ஆறுதல், குதிரை கடைக்கு வந்து முறைப்பாடு சொல்லாது. ஒரு பெரிய துன்பம், அதற்குப் பதிலாக மனிதர்கள் வருவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்கிய எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கிய கையோடு, சண்டைக் காலத்தில் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கி, கொட்டாஞ்சேனையில் மிருக மருந்து இறக்குமதி செய்கிற கடையொன்றுக்கு வேலைக்குப் போனேன். முதலாளி வெளிநாட்டிலிருந்து குதிரைகளுக்கான தூள் ஒன்றைத் தருவித்திருந்தார். தீனியோடு கலந்து கொடுத்தால் மூட்டுகள் இறுகாமலிருக்க உதவும் என்பார்கள். அந்தத் தூளைப் பற்றிக் கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. வாய் திறக்கவே கூச்சப்படுகிறவளுக்கு இப்படி ஒரு வேலை.

அப்போதெல்லாம் வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்குவதற்குப் பொலிசில் காரணம் சொல்லவேண்டும். காரணம் பிடிக்காவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகவேண்டியதுதான். ஆஸ்பத்திரி, வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி, கலியாணம் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். என்னுடைய காரணம், குதிரையின் முழங்கால்.

விழுந்த எழுத்து

கடை வாசலில் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை வைக்க முதலாளி ஆசைப்பட்டார். எழுத வந்த பெயின்டருக்குத் தமிழ் தெரியாது. எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படம் கீறுவதுபோல் கீறுவார். 'குதிரைக்கால் மருந்து' என்று கொடுத்தோம். பலகையில் இடம் போதவில்லை. நடுவில் சுழித்துக்கொண்டு கிடந்த 'ரை'யைத் தூக்கிவிட்டார். பூ வேலையில் ஒரு பூ குறைந்தால் யாருக்கென்ன நட்டம்?

மறுநாள் காலையிலிருந்து குதிக்கால் நோவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு அன்ரி செருப்பைக் கழற்றிவிட்டு, குதியைத் திருப்பி எனக்குக் காட்டினார். "அன்ரி, இது குதிரைக்கு..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்ன பிள்ளை முணுமுணுக்கிறாய்?" என்றார். காசு வாங்குகிற மேசையிலிருந்த ஸ்டெல்லா அக்காவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. "அன்ரி! அது குதிரைக்கு! மனுசருக்கு இல்ல!" என்று சத்தம் போட, எதிர்ப்பக்கச் சலூனில் சவரம் நின்றது. அன்ரி டின்னைக் கையில் எடுத்து, அதிலிருந்த பாயும் குதிரையின் படத்தை நிதானமாகப் பார்த்தார். "இந்தப் பாய்ச்சல் பாயுது. நல்ல மருந்தை ஏன் பிள்ளை எங்களுக்கு ஒளிக்கிறியள்?"

கால்வாசி

காலிமுகத்திடலில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி நடத்திப் பிழைக்கிற முஸ்லிம் நானா ஒருவர் எங்களிடம் வருவார். அவருடைய குதிரை ராணிக்கு முன்னங்கால் ஒன்றில் வாதம். ஒரு நாளைக்கு எவ்வளவு தூள் போடவேண்டும் என்பதைக் காட்டினேன். உச்சுக் கொட்டினார்.

"மகள், இவளுக்கு மூணு காலு நல்லம். எடது கை மட்டும்தான் வருத்தம். கால்வாசி போட்டாப் போதும்தானே?"

குதிரையின் முன்னங்காலை அவர் கை என்றுதான் சொல்வார். மருந்து வயிற்றுக்குள் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பு முழுவதும் போகிறது, எந்தக் கால் நோகிறது என்று அதற்குத் தெரியாது என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன். தூள் மட்டும் போதாது, உடம்பு பெருக்கவிடக்கூடாது, லாடம் சரியாக இருக்கவேண்டும், பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும், சில குதிரைகளில் தெரியாமலும் போகும் என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு டின்னை உருட்டிப் பார்த்தார். "நோவுற எடத்தத் தேடிப் போகத் தெரியாத மருந்துக்கு இவ்வளவு பெரிய டின்னா, மகள்?"

சைவக் குதிரை

புறக்கோட்டையில் வியாபாரம் செய்கிற ஐயா ஒருவர் கலியாண ஊர்வலங்களுக்கு வெள்ளைக் குதிரை விடுகிறவர். நெற்றியில் திருநீற்று மூன்று குறியோடு, குதிரையையும் கூட்டிக்கொண்டு வந்தார். டின்னைக் கையிலெடுத்துவிட்டு, "இது என்னத்தில செய்யிறது, தங்கச்சி?" என்றார். மற்ற வாடிக்கையாளர் ஒருவரும் கேட்காத கேள்வி. பொய் சொல்லவும் கொஞ்சம் துணிவு வேண்டும். எனக்கு அது இல்லை. "இறால் கோது, நண்டுக் கோது..." என்றேன்.

டின் மேசைக்குத் திரும்பி வந்தது. அவருடைய குதிரை கோயில் வாசலில் நிற்கிற குதிரையாம். புல்லும் கடலையும் தவிர வேறெதையும் அது வாயில் வைத்ததில்லையாம். முதலாளி உள்ளேயிருந்து ஓடிவந்து, "மருந்துக்குத் தோஷம் கிடையாதுங்க" என்று சத்தியம் செய்தார். ஐயா கண்ணை மூடி யோசித்தார். குதிரை வெளியில் நின்று, பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "சரி, செவ்வாய் வெள்ளி குடுக்க மாட்டன். கந்தசட்டிக்கும் குதிரை விரதம்."

ஒரு விகுதி

முதலாளி என்னை வெள்ளவத்தைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு டின்னொன்று கொண்டுபோகச் சொன்னார். வழியில் இராணுவத்தினர் சோதனைக்காகப் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் பையிலிருந்து வெள்ளைத் தூள் டின் வெளியே வந்தது. இது என்ன என்று சிப்பாய் கேட்டான். 'குதிரையினுடைய' என்று சிங்களத்தில் சொல்லத்தான் நினைத்தேன். பயத்தில் விகுதி விழுந்துவிட்டது. பதற்றத்தில் 'நான்' என்று வேறு முன்னால் சேர்த்துவிட்டேன். "மம... அஷ்வயா" என்றேன். நான், குதிரை.

அவன் டின்னைப் பார்த்தான். அதிலிருந்த படத்தைப் பார்த்தான். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தான். பிறகு, சந்தியின் மறுபக்கம் நின்ற மற்றவனைக் கையசைத்துக் கூப்பிட்டு, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி, இந்தத் தங்கச்சி ஒரு குதிரையாம் என்று அறிவித்தான். "மச்சான், மே நங்கி அஷ்வயெக்லு!"

முதலாளியின் பிரார்த்தனை

தூள் எதிர்பார்த்த அளவு போகவில்லை. முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்த ஊர்ல குதிரையே கொஞ்சம். அதுலயும் நொண்டுறது எத்தனை? கோழி மருந்துன்னா ஓடும். தூளை நிறுத்திரலாம்னு பாக்கிறேன்." கோழி மருந்துக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. தூள் நின்றால் என் வேலை நிற்கும். வேலை நின்றால், பொலிசில் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. இது எனக்குத் தெரியும், வாய்தான் வரவில்லை.

ஸ்டெல்லா அக்கா எனக்காகக் கதைத்தார். "முதலாளி, குதிரையை நிப்பாட்டினா இந்தப் பிள்ளையை ஊருக்கு ஏத்திருவாங்க. ஷெல்லுக்குள்ள போய் என்ன செய்யும்?" முதலாளி கெட்ட மனிதர் அல்ல. தலையைச் சொறிந்துகொண்டு சுவரிலிருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார். "சரி, கொஞ்சம் பொறுப்போம். குதிரைங்க நல்லா நொண்டணும்னு சாமிகிட்ட வேண்டிக்கம்மா."

தூளுக்குச் சிங்களம்

அந்தக் கிழமையே பொலிசுக்கு வரச்சொல்லிவிட்டார்கள். சித்தி விடியவே புத்தி சொன்னார். "கலியாணம் பேசி வந்தனான் எண்டு சொல்லு. குதிரையைக் கதைக்காதை, ஒருத்தரும் நம்பாயினம்." ஆனால் எந்த மாப்பிள்ளை, எந்த ஊர் என்று கேட்டால் எனக்கு மேற்கொண்டு சொல்லத் தெரியாது. ஆகவே உண்மையையே சொன்னேன். குதிரைகளுக்குத் தூள் விற்கிறேன் என்றேன். தூளுக்குச் சிங்களத்தில் 'குடு' என்று அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். கொழும்பில் அந்தச் சொல்லுக்கு ஹெரோயின் என்று அர்த்தம் என்பதை அகராதி சொல்லவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொலிஸ் பெரியவர் பேனையைக் கீழே வைத்தார். கடைக்குத் தொலைபேசி எடுத்தார். உங்கள் கடையில் குடு விற்கிறீர்களா என்று அவர் கேட்டதும், முதலாளி போட்ட கூச்சல் மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. "குடுவா? ஐயோ சேர், எங்க கடையிலயா? இல்லவே இல்ல சேர்!"

பெரியவர் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இனி ஊர்தான் என்று விளங்கிவிட்டது. எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. சிங்களம், ஆங்கிலம், கை, எல்லாவற்றாலும் பேசினேன். மூட்டுக்குள் இருக்கிற குருத்தெலும்பைப் பற்றிச் சொன்னேன். குதிரை தூளை ஊதித் தள்ளாமலிருக்கத் தீனியை நனைத்துக் குழைக்கவேண்டும் என்று சொன்னேன். குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் முழங்கால் அல்ல, எங்கள் மணிக்கட்டு என்று என் கையை மேசையில் மடக்கிக் காட்டினேன். அவரும் தன் மணிக்கட்டை மெதுவாக மடக்கிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரும் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, இன்னும் ஆறு மாதம் நிற்கலாம் என்று எழுதினார். சிங்களத்தில் அவர் சொன்னது இதுதான்: "நங்கி, பொய் சொல்ல வாறவை இதைவிட நல்ல பொய்யாக் கொண்டு வருவினம். போய் வேலையைப் பார்."

கடைக்கு ஓடி வந்து நடந்ததைச் சொன்னேன். தூளை நிறுத்துகிற கதை இனி வரும், இந்தக் கூத்துக்குப் பிறகு கட்டாயம் வரும் என்றுதான் நினைத்தேன். முதலாளி வியர்வையைத் துடைத்தபடி, தூள் டின்களை உள்ளேயிருந்து எடுத்து, வீதியில் போகிறவர்கள் பார்க்கும்படி முன் கண்ணாடிக்குள் அடுக்கத் தொடங்கினார். "இனிமே ஊர்ல குதிரை இருந்தாலும் இல்லாட்டியும் நம்ம கடையில தூள் இருந்தாகணும்மா, பொலிசுக்குச் சொல்லியாச்சு."

கொழும்பில் என்னைப் போல எத்தனையோ பேர் நல்ல பொய்யொன்று கிடைக்காமல் திண்டாடிய காலத்தில், ஒருவரும் நம்பமுடியாத உண்மையொன்று எனக்குக் கிடைத்ததற்கு நான் குதிரைகளுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும்.