தனிப் பெட்டியில் வந்த முன்சீட்

சென்னைத் துறைமுகத்திலிருந்து சுங்க அதிகாரி போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சார், உங்க பார்ட்டி கார்ல டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் காணோமே, எங்க?"

இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க ஆவணம் தயாரிப்பது என் வேலை. ஆபீஸ் சேலம் சூரமங்கலத்தில். பார்ட்டி, திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் லாரி முதலாளி அர்த்தனாரி. அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. அந்த அம்மாவுக்காகத்தான் வெளிநாட்டுக் கார். அதன் முன்சீட் கதவுப் பக்கம் திரும்பி வெளியே இறங்கும். மகள் கல்யாணத்துக்கு அந்த அம்மா அதில்தான் மண்டபம் போவதாக ஏற்பாடு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அர்த்தனாரிக்கு போன் போட்டேன்.

"சீட்டு தனிப் பெட்டீல வருதுங்க. அதுக்கு ஸ்பேர்னு ஒரு பில்லு, காருக்கு கூடுதல் வசதி இல்லாத பேஸ் மாடல்னு ஒரு பில்லு. அப்படின்னா வரி கம்மிங்களே. நாங்க லாரி எடுத்தா சேஸிஸ் தனி, பாடி தனிதானுங்களே."

"ஏனுங்க, காருக்குமா பாடி கட்டுவாங்க?" என்றேன். கோபம் பாதி அவர் மேல், பாதி என் மேல். இரண்டு பில்லும் என் மேசை வழியாகத்தான் போயின. சீட் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வரி, பில்லில் எழுதிய மாடலுக்கு அல்ல, கம்பெனியிலிருந்து வந்த காருக்கு. சன்ரூஃப், தோல் உறை, திரும்பும் சீட் என்று அங்கே பொருத்திய எல்லாம் விலையில் சேரும். கழற்றித் தனியே அனுப்பினாலும் சேரும். சேஸிஸ் நம்பரைச் சொன்னால் என்னென்ன மாட்டினார்கள் என்ற பட்டியலைத் தயாரிப்பாளரே கொடுத்துவிடுவார். அதிகாரி அதை வாங்கி வைத்திருந்தார்.

மறுபடி மதிப்பிட்டு, மீதி வரியும் அபராதமும் கட்டி, கார் வெளியே வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

காகிதங்களைக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா சீட்டில் உட்கார்ந்து அதை ஒருமுறை கதவுப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. மண்டபத்துல நாலு பேரு என்னையச் சேரோட தூக்கிட்டுப் போனாங்க. அதப் பாத்து எம்புள்ள மணவறையிலயே அழுதுபோட்டா."

அர்த்தனாரி தலை நிமிரவில்லை. நானும்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பில்லைத் தொடுவதற்கு முன்பு தயாரிப்பாளர் பட்டியலைக் கேளுங்கள். பிறகு, அன்று நான் கேட்காமல் விட்டதையும் கேளுங்கள்: "இந்த ஃபிட்டிங் யாருக்குங்க?"