ரஹ்மத் அக்கா ஊர் திரும்பாத கதை

செவ்வாய்க்கிழமை காலை நாகூரிலிருந்து ரஹ்மத் அக்காவின் கணவர் காதர் அண்ணன் அழைத்தார். “ஜெசி, ரஹ்மத் போனே எடுக்க மாட்டேங்குறா. கொஞ்சம் போய்ப் பாரும்மா.” டெக்சஸில், ஆலன் நகரில் அக்கா தனியே குடியிருந்த அப்பார்ட்மென்ட்டின் மேனேஜர் கதவைத் திறந்தபோது, அக்கா சமையலறைத் தரையில் கிடந்தார். உடல் சில்லிட்டிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

கணவர் அங்கே, மனைவி இங்கே என்று ஏன் பிரிந்திருந்தார்கள் என்பது பற்றி நம் வட்டாரத்தில் பல பேச்சுகள் உண்டு. நடந்தது இதுதான்.

நானும் அக்காவும் ஒரே அலுவலகம், பக்கத்துப் பக்கத்து மேசை. அவர்களுடைய ஒரே மகன் இர்ஃபான் கல்லூரியிலிருந்து வரும் வழியில் ஃப்ரீவே விபத்தில் இறந்தான். இங்கேயே அடக்கம் செய்தார்கள். அதன்பின் காதர் அண்ணனுக்கு இந்த ஊர் ஆகவில்லை. வீட்டை விற்றார்கள். இருவருக்கும் டிக்கெட்டும் போட்டாயிற்று.

கிளம்புமுன் ஒருநாள் இருவரையும் கிழக்கு டெக்சஸுக்கு அழைத்துப்போனேன். கொலம்பஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே காடோ என்ற பூர்வகுடி மக்கள் எழுப்பிய மண்மேடுகள் அங்கே உள்ளன. அவர்களுடைய வட்டமான புல்வீடு ஒன்றைப் பழைய முறையிலேயே மறுபடி கட்டியிருந்தார்கள். சுற்றிக்காட்டியவரும் அந்த இனத்தவர்தான், ஐம்பது வயதிருக்கும். கடைசி மேட்டருகே நின்று, “இதன்மேல் ஏறாதீர்கள். உள்ளே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள்” என்றார்.

அக்கா ஆங்கிலத்தில் கேட்டார்: “இவர்களை விட்டுவிட்டு உங்களால் எப்படிப் போக முடிந்தது?”

“ரஹ்மத், வேணாம்” என்று காதர் அண்ணன் அவர் கையைப் பிடித்தார்.

வழிகாட்டி கோபப்படவில்லை. “நாங்களாகப் போகவில்லை. ஒக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள்” என்றார். பிறகு, “நான் திரும்பி வந்துவிட்டேன். என் அண்ணன் வரமாட்டார். இந்த மேட்டைப் பார்த்தால் அவருக்குத் தாங்காது” என்றார்.

திரும்பும் வழியில் காரில் அக்கா சொன்னார்: “நான் வரலைங்க. என்னை யாரும் தொரத்தலை.” காதர் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விமானத்தில் தனியாகத்தான் போனார்.

அக்கா வாரந்தோறும் கல்லறைத் தோட்டத்துக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு போவார். ஒருமுறை நானும் போனேன். மகனுக்குப் பக்கத்து இடம் கிடைக்குமா என்று பராமரிப்பவரிடம் கேட்டார். வேறொருவருக்குப் போய்விட்டது என்றார் அவர். “சரி, ஒரே வேலிக்குள்ள இருந்தா போதும்” என்று என்னிடம் சொன்னார் அக்கா. இப்போது மகனுக்குச் சில வரிசைகள் தள்ளிக் கிடக்கிறார்.

அடக்கத்துக்குக் காதர் அண்ணனால் வந்து சேர முடியவில்லை. பிறகு வந்தவரை நான்தான் அங்கே அழைத்துப்போனேன். ஈரம் காயாத மண்ணைப் பார்த்தபடி, “என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?” என்று கேட்டார்.

சொல்லியிருந்தார். அலுவலகக் கேன்டீனில் யாராவது அண்ணனைக் குறை சொன்னால் அக்கா என்னிடம் சொல்வார்: “அவரு போனதுல தப்பே இல்ல ஜெசி. இங்க இருந்தா அவரும் செத்துருவாரு.”

அதை அப்படியே சொன்னேன். அவர் புல்லில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த வார்த்தைகள் காதர் அண்ணனுக்கு உரியவை, அவரிடம் சேர்த்துவிட்டேன். அவற்றைச் சொன்னபோது அக்காவின் குரலில் ஒருநாளும் கசப்பு இருந்ததில்லை. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் குரலைத்தான்.