சொல்லிவிட்டு ஓடிவிடாதே

வெள்ளிக்கிழமை காலை கடை திறக்கும் நேரத்தில்தான் செய்தி வந்தது. பக்கத்து உருளைக்கிழங்கு மண்டியின் கணக்கப்பிள்ளை படியேறி வந்து, "கதீஜாக்கா மௌத்தாயிட்டாங்கண்ணே. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். மாலைக்குள் அடக்கம் முடிந்தது. திரும்பி வரும் வழியில் பஜார் பெரியவர் ஒருவர் என்னை ஓரமாக இழுத்து, "அன்னைக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்தப் பொம்பள இன்னும் நாலு வருஷம் இருந்திருக்கும்" என்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அக்காவை அறிந்த நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கணவர் போன பிறகு எங்கள் மலை பஜாரில் அந்த மண்டியைத் தனியாகக் கட்டி ஆண்டவர் கதீஜாக்கா. ஒரே மகன் பினாங்கில் துணிக்கடை வேலைக்குப் போயிருந்தான். ஜப்பான் யுத்தத்துக்குச் சற்று முன்பு, ஏரியிலிருந்து மேடேறி வரும்போது அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. மிஷன் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய்கள் குறுகிவிட்டன என்றார். "மேடு ஏறினால் மட்டும் இல்லையம்மா. உட்கார்ந்த இடத்தில் கவலைப்பட்டாலும் கோபப்பட்டாலும் இதே வலி வரும். மனம் பதறினால் இதயமும் மேடு ஏறுகிறது" என்று சொல்லி, வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார்.

பஜார் இதைச் சட்டமாக்கிக்கொண்டது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாங்க வருகிறவன் ஒரு கிழங்கை எடுத்து வெட்டிப் பார்த்து, குறை சொல்லி, அரை மணி மல்லுக்கட்டாமல் மூட்டையைத் தூக்கமாட்டான். அக்காவிடம் மட்டும் எல்லாரும் பசுவாகிப் போனார்கள். ஒரு நாள் அவர் வேண்டுமென்றே அழுகல் கிழங்கை எடுத்து வத்தலக்குண்டு வியாபாரியிடம் நீட்டினார். "அருமையான கெழங்குக்கா" என்றான் அந்த ஆள். "ஏலே! அழுகலக் கூடவா நல்லதுங்கிற? நான் என்ன பாடையிலயா கெடக்கேன்?" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வரிசைக் கடைகளெல்லாம் எட்டிப் பார்த்தன.

அதுவரை சிரிப்புத்தான். பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி வந்ததும் எல்லாரும் சேர்ந்து அதை அக்காவிடம் மறைத்தார்கள். பேப்பர்க்காரன் அவர் கடையைத் தாண்டி ஓடினான். அவர் வந்தால் பேச்சு நின்றது. அக்காவுக்கோ வலி அடிக்கடி வந்தது; மேடு ஏறாமலே வந்தது. மாத்திரைப் புட்டி வெரசாகக் காலியானது.

ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார். "எல்லாரும் என்னையப் பாத்து வாயப் பொத்துறீங்க. எம் மகன் செத்துட்டானா? சொல்லுலே."

"தெரியாதுக்கா. பினாங்க ஜப்பான்காரன் புடிச்சுட்டான். கடுதாசி வராது, தந்தி வராது. அவன் இருக்கானா இல்லையான்னு இங்க யாருக்குமே தெரியாது. நெசம் இவ்வளவுதான்."

அவர் முகம் வேர்த்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை வாயில் வைத்தார். டாக்டரைக் கூப்பிட எழுந்தேன். "டாக்டருக்கு ஆள விடு. நீ சொல்லிட்டு ஓடிராதலே. உக்காரு" என்றார். கடைப் பையனை டாக்டரிடம் அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். வலி இறங்கிய பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒங்க மூஞ்சியப் பாத்துப் பாத்து, தெனமும் விதவிதமா அவனச் சாகடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான். தெரியாது. அத நான் தூக்கிருவேன்."

தூக்கினார், பெரியவரே! நோய் போய்விட்டது என்று கதை கட்டமாட்டேன். வலி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் முன்போல அடிக்கடி வரவில்லை. பேரச் சண்டைக்கு நடுவில் நெஞ்சு இறுகினால் கையைக் காட்டி நிறுத்துவார். உட்கார்ந்து, மாத்திரை வைத்து, மூச்சை நிதானமாக விடுவார். முகம் தெளிந்ததும், "எங்கலே விட்டேன்?" என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். "கோவத்த நான் விட்டுடல, கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கேன்" என்பார்.

யுத்தம் முழுவதையும் அந்தப் பழுதுபட்ட இதயம் தாண்டியது. மகன் பிழைத்திருக்கிறான் என்ற கடிதம் வந்தபோது, மறைத்தவர்கள் அத்தனை பேரையும் மண்டி வாசலில் நிறுத்தி, என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். நான் சொன்ன வார்த்தை கொன்றதாம்! சொல்லாத வார்த்தைதான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

அக்கா போகும் முன்பே மகன் கப்பலேறிவிட்டான். நாளை காலை மலையடிவாரத்துக் கோடை ரோடு ஸ்டேஷனில் இறங்குகிறான். அம்மா இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லி மலைக்குக் கூட்டிட்டு வந்துரு. வீட்டுக்கு வந்து தெரிஞ்சுக்கிடட்டும்" என்கிறது பஜார். மலைப்பாதை நெடுக அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாக வேண்டுமா? முடியாது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கட்டளை. இன்று மத்தியான பஸ்ஸில் மலை இறங்குகிறேன். பிளாட்பாரத்து பெஞ்சிலேயே அவனிடம் சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டு, அவன் எழுந்திருக்கும் வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.