சீனியைச் சொல்லி மெலிந்த அக்கா

மாத்திரை வாங்க அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மா போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னாக, அம்புட்டுத்தான்" என்றாள். அன்றைக்கு அக்காவும் மாத்திரைக்கு வரவேண்டிய நாள். அப்படியே இறங்கி அக்காவின் ஊருக்குப் பஸ் மாறினேன்.

நம் கூட்டத்தில் வாசிக்க எழுதித் தரச் சொன்னார்கள். அக்காவின் பேரையும் ஊரையும் நான் எழுதவில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்குகிற இடத்துப் பெஞ்சில் கூட உட்கார்ந்த உங்களுக்கு இட்லிக்கடை அக்கா என்றால் போதும். கடையை இப்போது மகள் பார்க்கிறாள். அக்காவுக்கு எச்ஐவி என்று தெரிந்தால் அந்த இட்லியை ஊரில் யார் வாங்குவார்கள்? அக்கா பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

முன்னே கொடுத்த மாத்திரையில் அக்காவுக்குக் கன்னம் ஒட்டிப்போனது. "என்னத்தா, கருவாடு மாதிரி ஆயிட்ட? என்ன சீக்கு?" என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். பிறகு மாத்திரையை மாற்றினார்கள். பசி எடுத்தது, உடம்பு தேறியது. அக்காவுக்கு அதில் அத்தனை சந்தோஷம். கும்பா நிறையச் சோறு, கடையில் மிஞ்சிய வடை எல்லாம் சாப்பிட்டு இன்னும் உடம்பு போட்டார். மாத்திரை நாளில் தூக்குவாளி நிறைய வடை கொண்டுவருவார். புதிதாக வந்து அழுகிற பிள்ளைகள் கையில் திணித்து, "தின்னு தாயி. நம்ம சதைதான் நமக்குச் சேலை. அது இல்லேன்னா ஊரு பாத்துரும்" என்பார்.

அப்புறம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சீனியும் கொழுப்பும் ஏறிக் கிடந்தன. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இந்த மாத்திரை சில பேருக்கு எடையைக் கூட்டும். அப்படிக் கனத்த உடம்புல சோறும் எண்ணெயும் சேந்தா சீனி வரும். சாப்பாட்ட மாத்துங்க, நடங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க."

அக்கா வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "எளைச்சா கடை போகும். எளைக்கலேன்னா நான் போவேன். எதடி வச்சுக்க?"

"பேசாம மாத்திரைய விட்ருவமாக்கா?" என்றேன்.

"போடி கூறுகெட்டவளே. அதுதான நம்மள இங்க உக்காந்து பேச வச்சிருக்கு."

அடுத்த மாதம் சிரித்துக்கொண்டே வந்தார். "கடையில அம்புட்டுப் பேர்ட்டயும் சொல்லிட்டேன்டி."

அவர் கையைப் பிடித்தேன். "என்னன்னு?"

"சீனின்னு! சீனி இல்லாத வீடு எது? அண்ணாச்சி கோவைக்காயத் தின்னுங்காரு, அவுக சம்சாரம் வெந்தயங்காக. ஊரே வைத்தியராயிருச்சு, போ."

அன்றிலிருந்து சாயங்காலம் ஊர் பார்க்கக் கண்மாய்க் கரையில் நடந்தார். எங்கே என்று கேட்டால், "சீனியக் கரைக்கப் போறேன்" என்பார். சோற்றைக் குறைத்து அவித்த காயைக் கூட்டினார். ரவிக்கையைப் பிடித்துத் தைத்தார். ஒருவரும் வேறு சீக்கு என்று கேட்கவில்லை. தூக்குவாளியில் வடை போய்ச் சுண்டல் வந்தது. "வடையக் குடுத்து நாந்தான உங்களக் கெடுத்தேன்" என்று நம்மிடம் சிரித்தார். சீனி இறங்கியது. நெஞ்சுதான் பொறுக்கவில்லை.

துக்க வீட்டில், "பாவி மகள சீனி கொண்டுபோயிருச்சே" என்று அழுதார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "நீ யாரு தாயி?" என்றார். நான் சொன்னேன்: "எனக்கும் சீனிதான். மாத்திரை வாங்குற எடத்துல பழக்கம்."

"அப்ப வெறும் வயித்தோட நிக்காத" என்று அந்த அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். போன பிறகும் அக்கா என்னை மறைத்துக் காத்தார்.

மறுநாள் போய் மாத்திரை வாங்கினேன். விட்டிருந்தால் அக்கா பொறுத்திருக்கமாட்டார். பதினாறு கழித்து மகள் கடையைத் திறந்தாள். இட்லி மிஞ்சவில்லை.

தூக்குவாளியை என்னிடம் கொடுத்துவிட்டாள். வருகிற மாத்திரை நாளில் அதில் சுண்டல் இருக்கும். புதிதாக வரும் பிள்ளை அழுதால் முதல் கை அவளுக்கு. டாக்டரம்மா எடையைக் குறைக்கச் சொல்லி அவள் பயந்தால், ஊருக்கு என்ன சொல்லலாம் என்று காதோடு சொல்லிக்கொடுப்பேன்.