நூற்றுப் பதினேழாம் செடி

1. பாத்தியில் பச்சை இல்லை

சேலத்தில் மீட்டிங் முடிந்து பண்ணைக்குத் திரும்பினேன். நேராக ஆராய்ச்சிப் பாத்திக்குப் போனேன். தண்டுக்கீரையில் சிவப்புச் செடிகள் மட்டும் நின்றன. பச்சை ஒன்றுகூட இல்லை. அவை நின்ற இடத்தில் நம்பர் சீட்டுக் குச்சிகள்தான் இருந்தன.

சிவப்புக் கீரையையும் பச்சைக் கீரையையும் கலந்து, அதன் பேரப்பிள்ளைத் தலைமுறையை விதைத்திருந்தோம். ஒவ்வொரு செடியின் இலை நிறத்தையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, நிறம் தரும் ஜீன் எங்கே இருக்கிறது என்று மேப் போட வேண்டும். டி.என்.ஏ.வுக்கு இலை கிள்ளியாயிற்று. நிறத்தைக் குறிக்கத்தான் பாக்கி.

"ஏனுங்க்கா, பச்சைச் செடியெல்லாம் எங்கீங்க?"

களையெடுக்க வந்த பாவாயக்கா பல வருஷமாக விதைக்காட்டில், ரகம் மாறி முளைக்கும் கலப்புச் செடிகளைப் பிடுங்கியவர். பெருமையாகவே சொன்னார்: "கலப்புங்க சார், பூராத்தையும் புடுங்கிட்டேனுங்க. வெதைக்காட்டுல ஒரே நெறந்தானுங்களே நிக்கோணும்?"

"இது வெதைக்காடு இல்லீங்க்கா! ரெண்டும் நின்னாத்தான் எனக்குக் கணக்கு!"

"அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே."

'களையெடுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறியவன் நான்.

2. பருப்பில் கடைந்தது

காலியான நம்பரெல்லாம் பச்சை என்று குறித்து, இலை நிறத்துக்கு மேப் போட்டுவிட்டோம். ஈடு செய்ய முடியாமல் போனது நூற்றுப் பதினேழாம் நம்பர் செடி ஒன்றுதான். பச்சை இலையில் நரம்பு மட்டும் ரத்தச் சிவப்பு. சேலம் போவதற்கு முந்தின நாள்தான் பார்த்தேன். நரம்பு நிறத்துக்குத் தனி ஜீனா என்று அதன் விதைதான் சொல்லியிருக்கும்.

"அது ஊட்டுக்குப் போயிருச்சுங்க. பருப்புல போட்டுக் கடைஞ்சோம், நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் பாவாயக்கா.

மறுபடி கலந்து விதைத்தோம். அது வரவில்லை. பிறகு எந்தப் பாத்தியானாலும், எதற்கு என்று சொல்லாமல் யாரையும் இறக்கியதில்லை. ரிடையர் ஆகியும் அந்தச் செடி மேல் ஏக்கம் தீரவில்லை. சந்தையில் கீரைக்கட்டைப் பிரித்து நரம்பு பார்க்கிறேன். கடைக்காரம்மா திட்டுகிறார்.

3. போன்

போன மாதம் வெண்ணந்தூரிலிருந்து பாவாயக்காவின் போன். "சார், நரம்பு மட்டும் செவப்பா ஒண்ணு மொளைச்சிருக்குது. புடுங்காம வெச்சிருக்கேனுங்க."

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். கொல்லையில் ஒற்றைச் செடி. பக்கத்தில் ஒரு குச்சி. அட்டைச் சீட்டில் கரியால் 117.

குனிந்து பார்த்தேன். சிவப்பு நரம்போடு நிற்காமல் இலைக்குள் கசிந்திருந்தது.

"அதுதானுங்களா?"

"இல்லீங்க்கா."

பாவாயக்கா சாய்ந்திருந்த குச்சியை நிமிர்த்தி அழுத்தினார்.

"நிக்கட்டுமுங்க சார். வெதைக்கு உட்டுப் பார்க்கலாம்."